ஏறி வரும் மீனுக்கு வழி விடுவோம்



பட்டுச் சேலையின் கரையையும் முந்தானையையும் தடவிப் பார்த்து மகிழாதவர்கள் நம் இல்லங்களில் உண்டா? ஆனால், அந்தச் சேலை பிறக்கும் ஊரை எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஒரு முறையேனும் வாருங்கள், திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்கு. அதன் அருகிலேயே இருக்கிறது முள்ளிப்பட்டு. ஊர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘பட்டு’ இந்த வட்டாரத்தின் பல ஊர்ப் பெயர்களில் வருவதுதான். நெய்கின்ற பட்டுக்கும் அதற்கும் உறவில்லை. ஆயினும் பெயருக்கேற்ற தொழில் வாய்த்துவிட்டது இவ்வூருக்கு!

தெருவில் நடந்தால் இருபுறமும் தறியின் ஓசை. குழியில் கால்களை இறக்கி அமர்ந்து, மிதிபலகையை மிதித்து, நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓட்டிக் கொண்டிருப்பார்கள். பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி நின்றுவிடும். விரல் நுனியால் அந்த இழையைத் தேடியெடுத்து முடிந்த பிறகே ஓட்டம் தொடரும். சொரசொரப்பான கை பட்டிழைக்கு ஆகாது. இழை கையில் சிக்கும், பிசிறு எழும்பும், அப்பிசிறு சேலையின் முகத்தில் தெரியும். ‘தொடத் தெரிந்தவன்தான் நெய்யத் தெரிந்தவன்’ என்று அங்குள்ள பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பட்டைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அச்சொல் வேறொன்றைப் பற்றியும் என்னைச் சிந்திக்க வைத்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கலங்கலில் ஒரு காலை

ஐப்பசி அடைமழைக் காலத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்காக ஆரணி சென்றிருந்தேன். மழைக்காலம் நெசவாளர்களுக்குச் சோதனைக் காலம். தறிக்குழியில் ஈரம் ஊறும். சில வீடுகளில் தண்ணீரே ஏறிவிடும். நூல் பதம் கெடும். தறி நின்றால் கூலி நிற்கும். அவ்வாறு தறி நின்றுபோன ஒரு காலைப் பொழுதில், எனக்கு அறிமுகமான முள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர், “வாங்க பாய், ஏரி கோடி போகுது; மீன் ஏறுறதைப் பார்த்துட்டு வரலாம்” என்று அழைத்தார். பதின்மூன்று வயதான என் தங்கை மகனும் உடன் தொற்றிக் கொண்டான்.

ஜவ்வாது மலையில் பிறந்து ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி, செய்யாற்றோடு கலக்கிறது. செய்யாறு பாலாற்றை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் இந்த ஆறு, மழைக்காலத்தில் சில நாள்களே ஆறாக இருக்கும். அந்தச் சில நாள்களுக்காகத்தான் இப்பகுதியின் ஏரிகளும் காத்திருக்கின்றன, மீன்களும் காத்திருக்கின்றன.

ஏரி நிரம்பி, கலங்கலின் மேல் தண்ணீர் வழிந்து ஓடும் காட்சியைக் கண்டிருக்கிறீர்களா? தண்ணீர் கீழே விழுகிறது; மீனோ மேலே ஏறுகிறது! புதுத் தண்ணீரின் வாடை பட்டதும் கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்துப் புறப்படுகின்றன. கற்படியில் மோதி விழுந்து, மீண்டும் துள்ளி, மீண்டும் விழுந்து ஏறுகின்றன. எதற்காக? புதிதாக நனைந்த ஆழமில்லாத இடங்களிலும் வயல் ஓரங்களிலும் முட்டையிடுவதற்காக. அங்கே பொரிக்கும் குஞ்சுகளுக்கு இரையும் மிகுதி, பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு.

ஊர்ச் சிறுவர்கள் கலங்கலின் கீழே வலையோடும் கூடையோடும் வெறுங்கையோடும் நின்றார்கள். எங்கள் பையனும் இறங்கினான். சற்று நேரத்தில் வயிறு புடைத்த கெண்டை ஒன்று அவன் கையில் சிக்கியது. “மாமு! சினை மீன்!” என்று கூவியபடி கரைக்கு ஓடி வந்தான். எல்லோருக்கும் காட்டினான். அது துள்ளி மண்ணில் விழுந்தது. சட்டைத் துணியால் இறுகப் பிடித்தான். ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பின்னர் அவனே, “பாவம், முட்டை வச்சிருக்கு; விட்டுடலாம்” என்று நல்ல மனத்தோடு தண்ணீரில் போட்டான்.

நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் மீன் ஏறவில்லை. சாய்ந்தபடி, நீரோட்டம் இழுத்த வழியே, தான் ஏறி வந்த பாதையிலேயே கீழ்நோக்கிப் போயிற்று. பையனின் முகம் வாடிவிட்டது. “விட்டுட்டேனே மாமு, ஏன் ஏறலை?” என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. நெசவாளர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “விட்டது சரிதான் தம்பி. எப்படிப் பிடிச்சு எப்படி விட்டோம்னு ஒண்ணு இருக்கே!”

வாசகர்களே, அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை தேடித்தான் நான் காவிரிக் கரை வரை போனேன்.

காவிரியின் பெருமீன்

ஆரணியிலிருந்து போளூர், செங்கம் வழியாகத் தர்மபுரியை அடைந்து, பென்னாகரம் கடந்தால் ஒகேனக்கல். பாறைகளுக்கிடையே காவிரி பிளந்து, விழுந்து, மீண்டும் ஒன்று கூடும் இடம் அது. பரிசலில் அமர்ந்து அந்தக் கருங்கல் மதில்களுக்கிடையே செல்லும் போது, மனிதன் எவ்வளவு சிறியவன் என்பது தானே விளங்கும்.

இந்த ஆற்றின் நடுப்பகுதியில் வாழ்ந்த பெருமீன் ஒன்று உலகப் புகழ் பெற்றது. கெண்டை மீன் குடும்பத்தைச் சேர்ந்த மஹ்சீர்தான் அது. அதிலும் முதுகு மேடிட்ட காவிரி மஹ்சீர் 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. அதற்கும் முன்பே, மதராஸ் சிவில் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1873இல் வெளியிட்ட தூண்டில் நூலின் வாயிலாக, இம்மீனின் புகழ் கடல் கடந்திருந்தது.

மஹ்சீரும் ஏறி வரும் மீன்தான். ஆற்றில் புதுவெள்ளம் பெருகும்போது, ஆழமான மடுக்களை விட்டுப் புறப்பட்டு, கூழாங்கற்கள் நிறைந்த துணையாறுகளை நாடிச் சென்று முட்டையிடும் இயல்புடையது. 1930களின் தொடக்கத்தில் மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை எழுந்தது. 1934இல் கீழே மேட்டூர் அணை எழுந்தது. இடைப்பட்ட ஆற்றுப் பகுதியில் மீனின் பயணம் சுருங்கிற்று. போதாக்குறைக்கு வெடி வைத்துப் பிடிக்கும் கொடுமையும் சேர்ந்து கொண்டது.

இந்நிலையில் ஒரு புதிய வழி பிறந்தது. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடக எல்லையில், பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாகலி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் அமைக்கப்பட்டன. வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் கட்டணம் செலுத்தித் தூண்டில் போடலாம். ஆனால் பிடித்த மீனை உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களுக்கே முகாம்களில் வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கிடைத்தன. மீன் உயிரோடு இருந்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை உண்டானது.

பலன் இருந்ததா? கலிபோர் முகாமின் பதிவேடுகளை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டில் முயற்சியில் 6,161 மஹ்சீர்கள் பிடிக்கப்பட்டு விடப்பட்டிருந்தன. போகப் போகச் சிக்கிய மீன்களின் எண்ணிக்கை பெருகியது. சராசரி எடை குறைந்தது. அதாவது, இளம் மீன்கள் மிகுந்தன. ‘விட்டுவிடுதல்’ வென்றது என்றே தோன்றும்.

ஆனால், பதிவேட்டை மேலும் துருவியபோது மற்றொரு செய்தி வெளிப்பட்டது. பெருகியது நீலத் துடுப்பு மஹ்சீர். அது மகாராட்டிர மாநிலம் லோனாவாலாவின் குஞ்சுப் பண்ணையில் வளர்க்கப்பட்ட இனம். நல்ல எண்ணத்தோடு காவிரியில் கொண்டு வந்து விடப்பட்டது. காவிரிக்கே உரிய மேடு முதுகு மஹ்சீரோ அருகிக் கொண்டே வந்திருந்தது. அதற்கு ‘டோர் ரேமாதேவி’ என்ற அறிவியல் பெயர்தான் உரியது என்பது 2018இல் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டில், மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. உலகமே புகழ்ந்த மீனுக்கு, அது மறையும் தறுவாயில்தான் பெயர் நிலைத்தது! வனவிலங்குச் சரணாலயத்திற்குள் தூண்டில் போடுவது சட்டத்திற்கு ஒத்ததன்று என்ற நிலைப்பாட்டால், 2012 அளவில் அம்முகாம்களின் மீன்பிடிப்பும் முடிவுக்கு வந்தது.

விடப்பட்ட மீன் என்ன செய்கிறது?

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். கையிலிருந்து நழுவிய மீன் ஏன் உடனே ஏறுவதில்லை?

தூண்டிலிலோ கையிலோ சிக்கிய மீன் தன் முழு வலிமையையும் திரட்டிப் போராடுகிறது. நாம் படிக்கட்டில் மூச்சிரைக்க ஓடினால் கால் தசை கடுப்பதில்லையா? அது போலவே அதன் தசையிலும் இரத்தத்திலும் அமிலம் சேர்கிறது. உடல் முழுதும் பதற்றத்தின் சுரப்பு பரவுகிறது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது மூச்சு. நாமோ அப்போதுதான் அதை நீரிலிருந்து தூக்குகிறோம்!

மீனின் செவுளைப் பாருங்கள். நீருக்குள் அதன் மெல்லிய இழைகள் தறியில் விரித்த பாவு போலத் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. காற்றில் தூக்கியதும் அவை நனைந்த நூல் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. மூச்சு தடைப்படுகிறது. கனடாவில் வானவில் டிரவுட் மீன்களை வைத்து நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. களைத்துப் போகும்வரை ஓட விட்ட மீன்களுள் 100க்கு 88 பிழைத்தன. களைப்போடு அரை நிமிடம் காற்றிலும் வைக்கப்பட்டவற்றுள் 62 பிழைத்தன. ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றுள் பிழைத்தவை 28 மட்டுமே! ஒவ்வொரு மீனினத்தின் தாங்குதிறனும் வேறு வேறு என்பது உண்மை. ஆயினும், நாம் ஒரு புகைப்படம் எடுத்துக் கொள்ளும் நேரம் மீனுக்கு எத்தனை நீண்டது என்பதை அந்த எண்கள் உணர்த்துகின்றன.

மீனின் மேலுள்ள வழுவழுப்பும் வீணானதன்று. அது நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கையும், துணியும், மணலும் அதை வழித்தெடுத்து விடுகின்றன. பட்டுக்குச் சொரசொரப்பான கை எப்படியோ, மீனுக்கு உலர்ந்த கை அப்படி.

காவிரியிலேயே நீலத் துடுப்பு மஹ்சீர்களைப் பற்றி இத்தகைய ஆய்வொன்று நடந்து, 2016இல் வெளிவந்தது. பெரும்பாலான மீன்களுக்கு முள் வாயில்தான் மாட்டியிருந்தது, காயம் பெரிதில்லை. மஹ்சீர் திடமான மீன் என்றே தெரிந்தது. ஆனால் போராட்டம் நீள நீள இரத்தத்தின் நிலை கெட்டது. சில மீன்கள் நிமிர்ந்து நீந்தும் இயல்பான உணர்வையே சற்று நேரம் இழந்திருந்தன. முதலையும் நீர்நாயும் உலவும் ஆற்றில், அந்தச் சற்று நேரம் போதாதா?

பயணம் போகும் மீனுக்கு மேலும் ஒரு இழப்பு உண்டு. நார்வே நாட்டின் ஆல்டா ஆற்றில், கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் மீன்களைத் தூண்டிலில் பிடித்து, வானொலிக் கருவி பொருத்தி விட்டுப் பின்தொடர்ந்தார்கள். 2003இல் வெளியான அவ்வாய்வின்படி, அந்தக் குளிர்ந்த நீரில் 97 விழுக்காடு மீன்கள் பிழைத்தன. முட்டையிடும் பருவத்தில் அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே உரிய இடங்களில் இருந்தன. நல்ல செய்திதான். ஆனால், விட்டதும் அவை நேரே ஏறிவிடவில்லை. கீழ்நோக்கிச் சென்றன, இங்குமங்கும் அலைந்தன, பயணம் தாமதப்பட்டது. எங்கள் பையன் விட்ட கெண்டை செய்ததும் இதைத்தான்!

இதில் சுவையான சிக்கல் ஒன்றும் உண்டு. மீனின் பயணத்தை அறிய வேண்டுமானால் அதைப் பிடித்துக் கருவி கட்ட வேண்டும். பிடித்ததாலேயே அதன் பயணம் மாறுகிறது. ஆகவே, கட்டிய முதல் நாள்களின் நடத்தையை இயல்பானதாகக் கொள்ளாமல் ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியுள்ளது.

மீனுக்கு நினைவும் உண்டு. ஒரு முறை முள்ளில் மாட்டித் தப்பிய கெண்டை, நெடுநாள் வரை அந்த இரையை அணுகத் தயங்குவதை நெதர்லாந்து ஆய்வுகள் 1970ஆம் ஆண்டையொட்டியே காட்டின. ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவர் இதையே தம் அனுபவமாகச் சொன்னார்: “முள்ளுல பட்டுத் தப்பின மீனு அந்த மடுப் பக்கம் லேசுல திரும்பாதுங்க. பயந்த மனுசன் மாதிரிதான் அதுவும்.”

நம் ஆற்றின் கணக்கு வேறு

வாசகர்களே, இங்கேதான் நாம் ஒன்றை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஆல்டா ஆற்றில் வாரக் கணக்கில் தண்ணீர் நிற்கும். தாமதப்பட்ட சால்மன் மெல்லச் சென்று சேரலாம். நம் கமண்டல நாகநதியின் வெள்ளம் எத்தனை நாள்? ஏரிக் கலங்கல் வழிவது எத்தனை நாள்? இன்று தாமதித்த மீன் நாளை ஏற நினைக்கும்போது கலங்கலில் தண்ணீர் நின்றிருக்கும். வெதுவெதுப்பான நீரில் உயிர்வளியும் குறைவு. களைத்த மீன் தேறுவதும் கடினம். அங்கே சில நாள் தாமதம் என்பது இங்கே ஓராண்டு இழப்பாகிவிடலாம்.

ஆகவே, பிடித்து விடுவதை விட, ஏறும் பருவத்தில் பிடிக்காதிருப்பதே முதல் நன்மை. நம் கடலோர மீனவ மக்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி, கிழக்குக் கடலுக்கு ஓய்வு அளிக்கிறார்கள். அந்நாள்களில் அவர்கள் படும் சிரமம் சிறிதன்று. நம் ஊர்க் கலங்கலுக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் ஓய்வு அளிக்க நம்மால் இயலாதா? முழுதும் இயலாவிடில், வலையைக் கரையிலிருந்து கரை வரை கட்டாமல் ஒரு பக்கம் வழி விடலாமே!

தப்பித் தவறிச் சினை மீன் சிக்கினால் என்ன செய்வது? பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்:

கையை நன்றாக நனைத்துக் கொண்டு தொட வேண்டும். துணியால் பிடிக்கக் கூடாது; மண்ணில் போடக் கூடாது. செவுளுக்குள் விரல் விடக் கூடாது. வாலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. இயன்றவரை நீருக்குள்ளேயே வைத்து விடுவிக்க வேண்டும். வேடிக்கை காட்டக் கரைக்குக் கொண்டு வருவது கூடவே கூடாது. களைத்த மீனைத் தூக்கி எறியாமல், வேகமில்லாத நீரில், நீர் வரும் திசை நோக்கித் தலை இருக்குமாறு தாங்கிப் பிடிக்க வேண்டும். தானே நிமிர்ந்து, வாலை அசைத்துப் புறப்படும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இவ்வளவுதான். காசு செலவில்லை, பொறுமை ஒன்றே செலவு.

மீண்டும் முள்ளிப்பட்டு

ஊர் திரும்பும் வழியில் முள்ளிப்பட்டு நெசவாளரை மீண்டும் சந்தித்தேன். மழை விட்டிருந்தது. தறிக்குழி உலர்ந்து, ஓசை மீண்டும் எழுந்திருந்தது. காவிரியில் அறிந்ததை எல்லாம் சொன்னேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டுக் கொண்டிருந்தவர், இழை ஒன்று அறுந்ததும் நிறுத்தினார். அதை எடுத்து முடிந்தபடியே சொன்னார்: “அறுந்த இழையை முடிஞ்சுடலாம் பாய். ஆனா முடிச்சு இருக்கும். அறுக்காம இருக்கறதுதான் கெட்டிக்காரத்தனம்.”

அருகில் நின்ற பையனுக்கு அது விளங்கிற்று. “அடுத்த மழைக்கு நான் கலங்கல்ல இறங்க மாட்டேன் மாமு. மேலே நின்னு எத்தனை மீன் ஏறுதுன்னு எண்ணப் போறேன்” என்றான்.

காவிரியின் மேடு முதுகு மஹ்சீர் இன்று மோயாறு போன்ற சில நீர்நிலைகளில்தான் தஞ்சம் புகுந்திருக்கிறது. அதன் பெயரை நாம் கற்றுக் கொள்வதற்குள் அது போய்விடக் கூடாது. நம் ஏரிக் கெண்டைக்கும் அந்நிலை வந்துவிடக் கூடாது. இரக்கம் நல்லது; ஆனால் அறிந்து காட்டும் இரக்கமே உயிருக்குப் பயன்படும். அடுத்த மழையில் உங்கள் ஊர்க் கலங்கல் வழியும்போது, உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். கரையில் நின்று பாருங்கள். ஏறி வரும் மீனுக்கு வழி விடுங்கள்!